சிறு மைதானங்களைத் தேடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளைக் கடந்து வந்த இவ்வட்டத்தின் விழாவில் கவிதை பற்றியோ காப்பியம் பற்றியோ பேசாமல், கால்பந்து மைதானங்களைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு முதற்கண் ஒரு விளக்கம் கூறக் கடமைப்பட்டுள்ளேன். நான் ஆட்டக்காரன் அல்லன். ஆட்டத்தின் நுட்பங்களை எடுத்துரைக்கும் தகுதியும் எனக்கில்லை. பணி நிமித்தமாக இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது, அங்குள்ள ஒரு சாராரின் விந்தையான பழக்கம் என் கருத்தைக் கவர்ந்தது. சிறிய இடங்களை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிக் குறித்து வைப்பது, அவ்விடங்கள் அழியாமல் காப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை அப்பழக்கம் என்னுள் எழுப்பியது. இம்மூன்றும் கவிதை எழுதுவோர்க்கும் உரிய வினாக்களே என்னும் நம்பிக்கையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குவது அந்நாட்டின் நெடுநாள் வழக்கம். அன்று காலையிலேயே ரயிலேறி, தாம் அதுவரை கண்டிராத ஏதேனும் ஓர் ஊரின் மைதானத்தைத் தேடிப் புறப்படுவோர் அங்குப் பலர் உண்டு. ஆடப்போகும் இரண்டு அணிகளில் எதற்கும் அவர்கள் ஆதரவாளர்கள் அல்லர். வெற்றி தோல்வியில் அவர்களுக்குப் பெரிய அக்கறை கிடையாது. அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டும், அங்கே ஓர் ஆட்டத்தை முழுமையாகக் காண வேண்டும், வீடு திரும்பிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவே அவர்களது நோக்கம். ஆங்கிலத்தில் இவர்களைக் 'கிரவுண்ட் ஹாப்பர்' என்பர். மைதானம் விட்டு மைதானம் தாவுகிறவர் என்பது பொருள். சற்றே கேலியாக ஒலிக்கும் பெயர் இது. அவர்கள் அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டனர்.

இப்பழக்கத்தைப் புரிந்துகொள்ள அந்நாட்டுக் கால்பந்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1888-ஆம் ஆண்டு 12 கழகங்கள் கூடி 'கால்பந்து லீக்' என்னும் போட்டி அமைப்பைத் தொடங்கின. இன்று 20 கழகங்கள் கொண்ட பிரீமியர் லீக்கும், அதன்கீழ் தலா 24 கழகங்கள் கொண்ட மூன்று பிரிவுகளுமாக 92 கழகங்கள் மேல்தட்டில் உள்ளன. இவற்றுக்குக் கீழே உள்ள அனைத்தையும் சேர்த்து 'நான்-லீக்' என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டு விடுகின்றனர். லீக்கைச் சேராதவை என்பது பொருள். உண்மையில் இவற்றுக்கும் லீக்குகள் உண்டு. வடபுலத்து நார்தர்ன் லீக் 1889-லும், இலண்டனைச் சூழ்ந்த பகுதிகளின் இஸ்துமியன் லீக் 1905-லும் தோன்றியவை. அவ்வளவு நீண்ட வரலாறு உடையவற்றையும் 'இல்லாதவை' என்றே பெயரிட்டு அழைக்கிறது உலகம். சிற்றிதழ் நடத்திய அன்பர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்தப் பெயரின் சுவை உங்களுக்கு நன்கு தெரியும்.

மேல்தட்டின் 92 மைதானங்களையும் கண்டு முடித்தோர்க்கென 1978-இல் ஒரு சங்கமே தோன்றியது. நூற்றெட்டுத் திருப்பதிகளை வரிசையாகச் சேவித்து முடிக்கும் மரபை உடைய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. நம்மவர்க்கு ஒரு வரம்பு உண்டு. நூற்றெட்டில் இரண்டு இம்மண்ணில் இல்லை, எனவே நூற்றாறோடு இவ்வுடலின் பயணம் நிறைவுறும். இங்கிலாந்துக்காரரின் தொல்லை வேறு வகையானது. ஆண்டுதோறும் இரண்டு கழகங்கள் கீழே இறங்க, இரண்டு கழகங்கள் மேலேறி வருகின்றன. எனவே முடிந்ததாக நினைத்த பட்டியல் மறு ஆண்டே முடியாததாகி விடுகிறது. அந்தப் புதிய இரண்டைத் தேடிப் போனவர்கள்தாம், கீழே இன்னும் எத்தனையோ மைதானங்கள் இருக்கின்றன என்று கண்டுகொண்டு, அங்கேயே தங்கள் பயணத்தைத் தொடர்ந்தனர்.

இவர்களுக்குள் விதிமுறைகளும் உண்டு. தொண்ணூறு நிமிடமும் இருந்து பார்த்தால்தான் கணக்கு என்பது பெரும்பாலோர் கொள்கை. கோல் எதுவும் விழாத ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காத கண்டிப்பானவர்களும் உண்டு. அச்சிட்ட ஆட்டக் குறிப்பிதழ் விற்கப்படாத மைதானத்துக்கு அடி எடுத்து வைக்காதவர்களும் உண்டு. யாப்பிலக்கணத்தில் நமக்குள் நிகழும் வழக்குகளை நினைத்துக்கொண்டால், இந்த விதிகளைக் கண்டு நகைக்க நமக்கு உரிமையில்லை என்றே தோன்றுகிறது. சில லீக் அமைப்புகள் இவர்களுக்காகவே ஈஸ்டர் போன்ற விடுமுறைக் காலங்களில் ஆட்டங்களை வெவ்வேறு நேரங்களில் அமைத்து, ஒரே நாளில் மூன்று நான்கு மைதானங்களைக் காண வழிசெய்வதும் உண்டு. வழக்கமாக ஐம்பது பேர் வரும் இடத்துக்கு அன்று சில நூறு பேர் வருவர். அந்த ஒருநாள் வரவு, ஒரு சிறு கழகத்தின் பல மாதச் செலவைத் தாங்கும்.

இத்தகைய மைதானம் ஒன்று எப்படி இருக்கும்? தொலைக்காட்சியில் காணும் எண்பதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கத்தை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். இரண்டு வீட்டு வரிசைகளுக்கு இடையே ஒரு சந்து. சந்தின் முடிவில் ஓர் இரும்புச் சுழற்கதவு. அதன் பின்னே சிறு கூண்டில் அமர்ந்து கட்டணம் வாங்கும் முதியவர். உள்ளே சென்றால் ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவில் ஓர் இரும்புக் குழாய் வேலி. ஒரு பக்கம் மரத்தாலோ தகரத்தாலோ ஆன சிறு பார்வையாளர் மாடம். மற்றைய பக்கங்களில் நிற்பதற்குச் சில சிமெண்டுப் படிகள், அல்லது வெறும் புல்மேடு. ஒரு மூலையில் தேநீர்க் கொட்டகை. குளிர்காலத்தில் அங்கே தேநீரும், 'போவ்ரில்' என்னும் மாட்டிறைச்சிச் சாறும் ஆவி பறக்க விற்கப்படும். கட்டணம் வாங்கியவரே பிறகு குலுக்கல் சீட்டு விற்க வருவார். ஆட்டம் முடிந்த பின்னர்க் கொடிக் கம்புகளைப் பிடுங்கி எடுத்து வைப்பவரும் அவராகவே இருப்பார். ஊதியம் எதுவும் அவருக்குக் கிடையாது.

பெரிய அரங்கத்தில் கேட்க முடியாத ஒன்றை இங்கே கேட்கலாம். அது ஆட்டக்காரர்களின் குரல். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதும், கடிந்துகொள்வதும், பந்தை உதைக்கும் ஓசையும், மூச்சு வாங்குவதும் தெளிவாகக் கேட்கும். பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தால், அதைத் திருப்பி எறிபவரின் முகமும் தெரியும். இடைவேளையில் ஆதரவாளர்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கூட்டமாக நடந்து செல்வர். தங்கள் அணி கோல் போடவேண்டிய பக்கம் நின்று பார்க்க வேண்டுமல்லவா? எண்பது தொண்ணூறு பேர் மட்டும் இருப்பதால், ஒவ்வொருவர் வருகையும் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் இடம் அது.

நின்று பார்க்கும் படிகள் இச்சிறு மைதானங்களில் இன்றும் நிலைத்திருப்பதற்கு ஒரு துயர வரலாற்றுப் பின்னணி உண்டு. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தின் பழைய மர மாடம் தீப்பற்றி எரிந்து 56 பேர் மாண்டனர். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் சிக்கியதால் 97 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் காயங்களின் விளைவால் 2021-இல் இறந்தவர். 1990-இல் வெளிவந்த டெய்லர் அறிக்கையின்படி மேல்பிரிவு மைதானங்கள் அனைத்தும் இருக்கை அரங்கங்களாக மாறின. கூட்டம் குறைந்த கீழ்ப்பிரிவுகளுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. பழைய மரமும் தகரமும் அழகென்று பாடும்போது அந்த 56 பேரையும் 97 பேரையும் நாம் மறந்துவிடலாகாது. பழமை பேணுவோர் பாதுகாப்பையும் சேர்த்தே பேண வேண்டும். கிரேட் யார்மத் நகரின் மைதானத்தில் 1892-இல் கட்டப்பட்ட மர மாடம், சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்று, அத்தகைய பேணுதலுக்குச் சான்றாக நிற்கிறது.

அடுத்து, பெயர்கள். கவிஞர்களுக்கு இவை விருந்தாகும். தெற்கே லூயிஸ் என்னும் ஊரின் மைதானத்துக்கு 'டிரிப்பிங் பான்' என்று பெயர். வறுக்கும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பை ஏந்தும் சட்டி என்பது பொருள். சுற்றிலும் மேடாகவும் நடுவே பள்ளமாகவும் உள்ள நிலம் அது. அப்பள்ளம் எப்படி உண்டாயிற்று என்பதற்குப் பழைய மடத்துத் துறவிகளோடு தொடர்புபடுத்தி ஊரார் கதைகள் கூறுவர். 1885 முதல் அங்கே ஆடிவரும் கழகம், 2017-இல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் சம அளவில் பொருள் ஒதுக்கப்போவதாக அறிவித்துப் புகழ்பெற்றது. 1921 முதல் ஏறத்தாழ 50 ஆண்டுகள், தன்னோடு இணைந்த மைதானங்களில் மகளிர் ஆடக்கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை விதித்திருந்த நாடு அது என்பதை நினைவிற்கொண்டால், ஒரு சிறு பள்ளத்திலிருந்து எழுந்த அந்த அறிவிப்பின் பெருமை விளங்கும்.

பெயர் மாறும் கதையும் உண்டு. ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரின் மைதானம், அங்கே உருளைக்கிழங்கு வறுவல் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரை 1988-இல் ஏற்றுக்கொண்டது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பேரரங்கைக் 'கனவுகளின் அரங்கம்' என்பர். ஸ்கார்பரோ மக்கள் தங்கள் மைதானத்தை 'வறுவல்களின் அரங்கம்' என்று அழைத்துச் சிரித்துக்கொண்டனர். விற்கப்பட்ட பெயரையும் நகைச்சுவையால் மீட்டுத் தமதாக்கிக்கொண்ட மக்கள் அவர்கள்.

ஒரு சிறு நிலத்தில் எவ்வளவு வரலாறு தங்கியிருக்கும் என்பதற்கு ஷெஃபீல்டு நகரைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1857-இல் தோன்றிய ஷெஃபீல்டு கால்பந்துக் கழகமே உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் என ஏற்கப்பட்டுள்ளது. 1860-இல் ஹல்லம் என்னும் இரண்டாவது கழகம் அதே நகரில் உருவானது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று இவ்விரண்டும் சாண்டிகேட் என்னும் இடத்தில் மோதின. 1804 முதல் விளையாட்டுக்குப் பயன்பட்டுவரும் அந்தச் சரிவான நிலத்தில் ஹல்லம் கழகம் இன்றும் ஆடுகிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் பதிவு பெற்ற இடம் அது. அங்கே செல்ல வானூர்திக் கட்டணமும் முன்பதிவும் வேண்டுமென எண்ணிவிடாதீர்கள். சில பவுண்டுகள் கொடுத்து உள்ளே சென்று, வேலியில் சாய்ந்து நின்று பார்க்கலாம்.

ஆனால் மூத்த கழகத்தின் கதை வேறு. உலகுக்கே முன்னோடியான ஷெஃபீல்டு கழகத்துக்கு நெடுங்காலம் சொந்தமாக ஒரு மைதானமே இருந்ததில்லை. பல மைதானங்களில் குடியிருந்து, 2001-இல் பக்கத்து மாவட்டத்தின் டிரான்ஃபீல்டு ஊருக்குச் சென்று சேர்ந்தது. 2004-இல் ரியல் மாட்ரிட்டுடன் சேர்த்து அனைத்துலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் உயரிய விருதைப் பெற்ற கழகம் அது. தன் எதிர்காலத்துக்குப் பொருள் திரட்டுவதற்காக, 2011-இல் தன் பழைய கையெழுத்து விதிநூலையும் ஆவணங்களையும் ஏலத்தில் விற்றது. 8,81,250 பவுண்டுக்கு அவை போயின. நிலம் வேண்டிச் சுவடியை விற்ற கதை இது. சுவடியின் அருமை அறிந்த இந்த அவையில் அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நம்மோடு தொடர்புடைய இரண்டு செய்திகளைச் சொல்ல விழைகிறேன். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் சில கால்பந்தாட்டங்கள் சிறு கழகங்களின் ஊர்களில் நடைபெற்றன. விடுதலை பெற்ற இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தைப் பிரான்சுக்கு எதிராக ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் ஆடியது. இன்று நம்மவர் பலர் வாழும் ஈஸ்ட் ஹாமிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர் அது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். 2–1 என்ற கணக்கில் பிரான்சு வென்றது. இரண்டு நாட்களுக்குப் பின்னர், தெற்கு இலண்டனில் டல்விச் ஹேம்லட் கழகத்தின் சாம்பியன் ஹில் மைதானத்தில் கொரியா மெக்சிகோவை 5–3 என வென்றது. தென்கொரிய அரசு முறைப்படி நிறுவப்பட்டது அதே மாதம் 15-ஆம் நாளில்தான். அரசு பிறப்பதற்கு முன்பே அணி வந்து ஆடிவிட்டது!

எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 மே இறுதியிலும் ஜூனிலும், அனைத்துலகக் கூட்டமைப்பில் இடம்பெறாத மக்களின் அணிகள் 16 கூடி இலண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஓர் உலகப் போட்டியை நடத்தின. திபெத், அப்காசியா, வட சைப்ரஸ் ஆகியவற்றோடு தமிழீழ அணியும் அதில் பங்கேற்றது. உதைபந்தாட்டம் என்னும் ஈழத்துச் சொல் இலண்டன் புறநகர்களின் வேலியோரங்களில் ஒலித்த நாட்கள் அவை. ஆட்டங்கள் நடந்தவை எல்லாம் சிறு கழகங்களின் மைதானங்களே. இறுதியாட்டம் என்ஃபீல்டு டவுன் கழகத்தின் மைதானத்தில் நடைபெற்றது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் மக்களை வரவேற்றவை, லீக்குக்கு வெளியே நிற்கும் மைதானங்கள். 1948-இலும் 2018-இலும் பெரிய அரங்கங்கள் இலண்டனில் இல்லாமலில்லை. ஆயினும் புதிதாக அடியெடுத்து வைப்பவர்க்குச் சிறிய திண்ணையே முதலில் இடம் தருகிறது. புதுக்கவிஞர் பலரின் முதற்கவிதை எத்தகைய ஏடுகளில் வந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சிறியவர் பெரியவரை வெல்லும் நாளும் வருவதுண்டு. 1987-இல் இங்கிலாந்துக் கோப்பையை வென்ற கவென்ட்ரி அணியை, 1989 ஜனவரி 7 அன்று சட்டன் யுனைடெட் என்னும் சிறு கழகம் தன் கேண்டர் கிரீன் லேன் மைதானத்தில் 2–1 என வென்றது. அதன் பயிற்சியாளர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். குறிப்பிதழில் இலக்கிய மேற்கோள்களோடு எழுதும் பழக்கமுடையவர். அடுத்த சுற்றில் அதே அணி நார்விச்சிடம் 8–0 எனத் தோற்றது. வெற்றியைப் போலவே அதையும் ஊர் மறக்கவில்லை. 2021 ஜனவரி 10 அன்று, எட்டாம் நிலையில் ஆடிய மரைன் கழகத்தின் மைதானத்துக்குப் புகழ்பெற்ற டாட்டன்ஹாம் அணி வந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் பார்வையாளர்க்கு அனுமதி கிடையாது. மைதானத்தை ஒட்டிய வீடுகளில் வாழ்ந்தோர் தத்தம் தோட்டத்து வேலிக்கு மேலே தலைநீட்டிப் பார்த்தனர். உள்ளே நுழைய உதவாத சீட்டுகளை, கழகத்துக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே 30,000-க்கும் மேற்பட்டோர் வாங்கினர். ஆட்டத்தில் 5–0 எனத் தோல்வி. ஆனால் கழகம் பிழைத்தது.

இத்தனை பெருமையுடைய நிலங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருவதுதான் என் உரையின் மையமான கவலை. காரணம் எளியது. ஊர் வளர்ந்தபோது ஊருக்குள் அகப்பட்டுக்கொண்ட நிலங்கள் இவை. கழகத்தின் ஆண்டு வருவாயைவிட, அது நிற்கும் மண்ணின் விலை பன்மடங்கு. என்ஃபீல்டு கழகத்தின் பழைய மைதானம் 1999-இல் கைவிட்டுப் போயிற்று. ஆதரவாளர்கள் ஊருக்குள் ஆடவேண்டும் என்று பொறுத்திருந்து, 2001-இல் தாங்களே என்ஃபீல்டு டவுன் என்னும் புதிய கழகத்தை அமைத்தனர். அக்கழகம் 2011-இல்தான் தனக்கென ஓர் இடத்தில் குடியேறியது. ஸ்கார்பரோ கழகம் 1987-இல், வாக்கெடுப்பு இல்லாமல் வெற்றியின் உரிமையாலேயே லீக்கில் நுழைந்த முதற்கழகம். அதே கழகம் 2007-இல் கடனால் கலைந்தது. அந்த 'வறுவல்களின் அரங்கம்' இருந்த மண்ணில் பின்னர் ஒரு பேரங்காடி எழுந்தது. ஆதரவாளர்கள் தொடங்கிய புதிய கழகம் பத்து ஆண்டுகள் அயலூரில் ஆடி, 2017-இல் ஊர் திரும்பியது.

கொரியா வென்ற சாம்பியன் ஹில்லில் நடந்தது இன்னும் விந்தையானது. 2018 மார்ச்சில் நில உரிமையாளரோடு ஏற்பட்ட பூசலில் டல்விச் ஹேம்லட் கழகம் தன் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. மண்ணோடு நில்லாமல், 1893 முதல் வழங்கிவந்த கழகத்தின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவுசெய்துகொண்டு, அதனைப் பயன்படுத்தக் கூடாது என்று கழகத்துக்கு அறிவிப்பும் அனுப்பப்பட்டது. ஊர் கொதித்தெழுந்தது. பெயர் திரும்பக் கிடைத்தது. வீடற்ற அந்தப் பருவத்திலேயே கழகம் அடுத்த நிலைக்கு உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தன் மைதானத்துக்கும் திரும்பியது. ஊரார் ஒரு மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிடச்செய்ய 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2025-இல் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டமோ, ஒழுங்குமுறை அமைப்பின் இசைவின்றி மைதானத்தை விற்கலாகாது என்கிறது. ஆனால் அது மேல் ஐந்து நிலைகளுக்கே பொருந்தும். நான் இங்கே விவரித்த மைதானங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே உள்ளவை.

அவ்வாறாயின் இவற்றைக் காப்பவர் யார்? ரயிலேறி வந்து பார்த்து, குறித்துக்கொண்டு செல்லும் அந்தப் பயணியா? அவர் ஒருநாள் விருந்தினர். அடுத்த வாரம் வேறோர் ஊரில் இருப்பார். இடத்தைக் காத்தவர்கள் என்ஃபீல்டிலும் ஸ்கார்பரோவிலும் டல்விச்சிலும் ஊரைவிட்டு நகராமல் நின்றவர்கள். சுழற்கதவருகே அமர்ந்திருந்த அந்த முதியவரைப் போன்றவர்கள். இதைச் சொல்லாமல் பயணியை மட்டும் புகழ்ந்தால் அது நேர்மையாகாது.

எனினும் பயணிக்கு ஒரு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். நம் மரபிலிருந்தே அதற்கு ஒரு சொல்லைத் தேடி எடுக்கலாம். தேவாரத்தில் தனிப் பதிகம் பெற்றவற்றைப் 'பாடல் பெற்ற தலங்கள்' என்கிறோம். தனிப் பதிகம் இல்லாமல், வேறு பாடல்களின் ஊடே பெயர் மட்டும் சுட்டப்பெற்றவற்றை 'வைப்புத் தலங்கள்' என்கிறோம். ஒரே ஒரு சொல்லாகப் பாட்டில் வைக்கப்பட்டதால், இது எந்த ஊர் என்று பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தேடிச் செல்வோர் இருக்கின்றனர். மைதானப் பயணியின் குறிப்பேடு செய்வதும் அந்த வைப்புப் பணியே. நாள், ஊர், எண்ணிக்கை, மாடத்தின் நிறம், தேநீரின் சுவை என்று அவர் எழுதிவைத்த ஒரு வரி, மைதானம் பேரங்காடியாகிப் போன பின்னர் சான்றாக நிற்கிறது. சைமன் இங்கிலிஸ் 1983-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மைதானங்களைப் பற்றி எழுதிய நூலும், 1995-இல் மைதானங்களுக்கென்றே தொடங்கப்பட்ட 'கிரவுண்டாஸ்டிக்' இதழும் இந்தப் பார்வையை வளர்த்தன. ஹாலந்து நாட்டு நிழற்படக் கலைஞர் ஹான்ஸ் வான் டர் மேர், ஐரோப்பாவின் கடைநிலை ஆட்டங்களைப் படமெடுத்தபோது, ஆட்டக்காரர்க்குப் பின்னே உள்ள வீடு, மலை, மரம் அனைத்தும் தெரியுமாறு எட்ட நின்று எடுத்தார். ஆட்டத்தை ஊரோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி என்று அப்படங்கள் கற்பிக்கின்றன.

தொடக்கத்தில் எண்ணிக்கைக்காகவே பலர் புறப்படுகின்றனர். நூறு மைதானம், ஐந்நூறு மைதானம் என்று பெருமை பேசுகின்றனர். காலம் செல்லச்செல்ல எண் பின்னே சென்று, இடம் முன்னே வருகிறது. நூல்களின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழும் வாசகன் ஒருநாள் ஒரே பாட்டில் நின்றுவிடுவது போன்றது அது.

இறுதியாக ஒரு தீவைக் காட்டி முடிக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் சில்லித் தீவுகள் உள்ளன. உலகின் மிகச்சிறிய கால்பந்து லீக் என்று பெயர்பெற்றது அங்கேயே உள்ளது. அதில் இரண்டே கழகங்கள். ஒன்று கேரிசன் கன்னர்ஸ். மற்றொன்று வூல்பேக் வாண்டரர்ஸ். ஒரே மைதானம். ஞாயிறுதோறும் அந்த இரண்டே அணிகள் மீண்டும் மீண்டும் மோதிக்கொள்ளும். கோப்பைக்கான போட்டியிலும் அவையே எதிரெதிர். பருவத் தொடக்கத்தில் இரண்டு தலைவர்களும் கூடி, தீவிலுள்ள ஆட்டக்காரர்களைப் புதிதாகப் பிரித்துக்கொள்வர். சென்ற ஆண்டு எதிரியாக நின்றவர் இவ்வாண்டு தோழராகலாம். ஆள் போதாதென்று அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிடவில்லை. எதிரணி மாறாதென்று அலுத்துக்கொள்ளவும் இல்லை.

அன்பர்களே, மாதந்தோறும் இவ்வறையில் கூடும் நாமும் ஏறத்தாழ அத்தகைய லீக்கினரே. படிப்பவர் நாமே, கேட்பவர் நாமே, குறைகூறுபவரும் நாமே. கூட்டம் குறைந்த மாதங்களும் இருந்திருக்கும். அம்மாதங்களில் கதவைத் திறந்து, நாற்காலி விரித்து, தேநீர் கொண்டுவந்து வைத்தவர்களை இம்மலர் மறவாமல் குறிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கூட்டம் நிகழ்ந்த இடங்களையும், வந்தோர் எண்ணிக்கையையும், படிக்கப்பட்ட கவிதைகளின் தலைப்பையும் ஒரு பட்டியலாகவேனும் வெளியிடுங்கள். புகழுரைகளைவிட அப்பட்டியலே நாளைக்கு உதவும். கூடும் இடத்துக்கு உறுதியான ஓர் ஏற்பாட்டையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். இடம் போனபின் இயக்கத்தைக் காப்பது எத்துணை அரிது என்பதற்கு ஷெஃபீல்டு கழகமே சான்று.

அயலூரிலிருந்து எவரேனும் ஒருவர் ஒருநாள் நம் கூட்டத்தைத் தேடி வரக்கூடும். அவர் எந்த அணியையும் சேராதவராக இருக்கலாம். பின்வரிசையில் அமர்ந்து முழுமையாகக் கேட்டு, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு செல்வார். அவர் வரும் நாளில் இங்கே ஆட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கான பொறுப்பு நம்முடையது.